வேட்டைச் சங்குக்கு வகைச் சீட்டு

ஒரு காட்டில் ஓர் அலுவலகம் இருந்தது. காடு என்றதும் மரத்தைத் தேடாதீர்கள். இது தென்கடலுக்கு அடியில், ஐந்தாறு பாகம், அதாவது முப்பது முப்பத்தைந்து அடி ஆழத்தில், பாசியும் கடற்புல்லும் ஆளுயரத்துக்கு மண்டிக் கிடந்த காடு. புலி கிடையாது, நரி கிடையாது. ஆனால் ஒன்றையொன்று தின்பதில் நம் தரைக்காட்டுக்கு இம்மியும் குறைந்ததில்லை.

அந்தக் காட்டுக்கு ராஜா ஒரு களவா மீன். வாயைத் திறந்தால் ஒரு குடும்பமே உள்ளே போய்விடும், அதனால் ராஜா. வேறு தகுதி ஏதாவது உண்டா என்று யாரும் கேட்கவில்லை. கேட்டவர்கள் இருந்திருக்கலாம், இப்போது இல்லை. ராஜாவுக்குக் கீழே குட்டி வேட்டைக்காரர்கள் எத்தனையோ பேர். அவர்களில் ஆமை வேகம்கூட இல்லாமல் நகர்ந்தாலும் காரியத்தில் படுகெட்டி யார் என்றால் வேட்டைச் சங்குகள்தான்.

சங்கு என்றால் பூஜையில் ஊதுகிறோமே அந்தச் சாதுவான பொருள் என்று நினைத்துவிட வேண்டாம். ஓட்டுக்குள்ளே குடியிருப்பது நத்தை, அதிலும் கறி தின்கிற நத்தை. கூம்புச் சங்குக்கு வாயிலேயே விஷ ஊசி. முட்சங்குக்கு நாக்கில் துரப்பணம். உருண்டைச் சங்கு இருக்கிறதே, அது பார்வைக்குப் பளிங்குக் குண்டு மாதிரி வழவழவென்று இருக்கும், பரம சாது போலத் தெரியும். அது மட்டியைக் கண்டால் தன் அகலமான காலால் ஆசையாக அணைத்துக்கொள்ளும். எச்சிலைத் தடவி ஓட்டை இளக்கும். நாக்கில் இருக்கிற அரத்தால் அராவி அராவி வட்டமாக ஒரு துளை போடும். பிறகு அந்தத் துளை வழியாக உள்ளே இருக்கிற சதையை உறிஞ்சிவிட்டு, வாயைத் துடைத்துக்கொண்டு போய்விடும். கடற்கரையில் துளை விழுந்த கிளிஞ்சலாகப் பொறுக்கி மாலை கோத்திருப்பீர்கள் அல்லவா? துளை போட்டுக் கொடுத்த புண்ணியவான் பெரும்பாலும் இவர்தான்.

ஒருநாள் ராஜாவின் மைத்துனனை ஒரு கூம்புச் சங்கு குத்திவிட்டது. கூம்புச் சங்கில் புழு தின்பது, சங்கு தின்பது, மீன் தின்பது என்று மூன்று தினுசு உண்டு. மைத்துனர் அதைப் புழு தின்கிற ஆசாமி என்று நினைத்துப் பக்கத்தில் போய்ப் படுத்திருக்கிறார். படுத்தவர் எழுந்திருக்கவில்லை. ராணி மூன்று நாள் அன்னம் தண்ணீர் தொடவில்லை, அவள் பங்கையும் சேர்த்து ராஜாவே சாப்பிட வேண்டியதாயிற்று.

நாலாம் நாள் ராஜா ஓர் ஆணை போட்டார். காட்டில் இருக்கிற ஒவ்வொரு வேட்டைச் சங்கும் என்ன குடும்பம், என்ன வகை, யாரைத் தின்பது என்று முறைப்படி வகைப்படுத்தப்பட வேண்டும். வகைப்படுத்தியதற்கு ஒரு சீட்டு வழங்கப்படும். கையில் சீட்டு இல்லாமல் உயிருள்ள எதையும் தொடக் கூடாது. சீட்டு வரும்வரை செத்து விழுவதைத் தின்றுகொள்ளலாம். ஆணை வந்த மறுநாளே ஒரு முட்சங்கு, இதையெல்லாம் யார் பார்க்கப்போகிறார்கள் என்று வாயை வைத்தது. ராஜா அதை முள்ளும் ஓடுமாக அப்படியே விழுங்கிவிட்டார். அதற்குப் பிறகு ஒருத்தரும் மூச்சு விடவில்லை.

சரி, வகைப்படுத்துகிற வேலையை யார் செய்வது? நீந்தத் தெரிந்தவர்கள் எல்லாரும் நழுவிவிட்டார்கள். கடைசியில் ராஜா தகுதிகளை அறிவித்தார். ஒரே இடத்தில் உட்கார்ந்திருக்க வேண்டும். வாயை மூடிக்கொண்டிருக்கத் தெரிய வேண்டும். தலை இல்லாமல் இருந்தால் நல்லது, இருந்தால் யோசிக்கும். இந்த மூன்றும் ஒருங்கே அமைந்தவர்கள் காட்டில் மட்டிகளும் சிப்பிகளும்தான். அப்படித்தான் தின்னப்படுகிறவர்கள் கூடித் தின்கிறவர்களை வகைப்படுத்துகிற அலுவலகம் ஒன்று மணல்மேட்டில் உருவாயிற்று. ராஜாவுக்கு இதில் எந்த விபரீதமும் தெரியவில்லை. அவருக்குத் தலை இருந்தது, ஆனால் அதில் முக்கால்வாசி வாய்.

கண்காணிப்பாளராக வந்தவர் சலேத் மேடம். பழைய முத்துச்சிப்பி, பாறையோடு பாறையாக ஒட்டிக்கொண்டவர். ஆணையை ஒருமுறை படித்தார். இரண்டாம் முறை படித்தார். சீட்டு இல்லாதவன் வேட்டையாட முடியாது, சீட்டு கொடுப்பது நாம். இது மண்டையில் உறைத்ததும், மண்டை இல்லாவிட்டாலும் உறைத்ததும், டப்பென்று ஓட்டை மூடிக்கொண்டு இரண்டு நாள் உள்ளேயே சிரித்தாராம். மூன்றாம் நாள் திறந்து மும்முரமாக வேலையை ஆரம்பித்தார்.

முதலில் ஓட்டைப் பார்த்து வகைப்படுத்தினார்கள். எத்தனை சுற்று, எத்தனை முள், என்ன நிறம் என்று எழுதி எழுதி எல்லாரையும் எட்டு அலமாரியில் அடைத்தார்கள். சீல் குத்த வேண்டிய நாளன்று சலேத் மேடம் ஒரு சந்தேகம் கிளப்பினார். ஓடு என்பது வீடு. வீட்டைப் பார்த்து ஆளை முடிவு பண்ணலாமா? நாக்கில் இருக்கிற பல்லை அல்லவா பார்க்க வேண்டும்? எல்லாரும் ஆமாம் ஆமாம் என்றார்கள். எட்டு அலமாரியையும் கவிழ்த்துப் பல்லை எண்ணினார்கள். பதினேழு அலமாரி ஆயிற்று. அதற்கும் சீல் குத்தப்போகிற சமயத்தில், பல் தேயும், ரத்தம் தேயுமா என்று அடுத்த சந்தேகம் வந்தது. மறுபடி கவிழ்த்தார்கள். ரத்தத்தைப் பார்த்ததில் நாற்பத்து மூன்று அலமாரி.

இதில் பாவப்பட்ட சங்குகள் பட்ட பாடு கொஞ்சநஞ்சமல்ல. காலையில் சித்தப்பா மகனாக இருந்தவன் சாயங்காலம் யாரோ ஆகிவிட்டான். பரம்பரைப் பகையாளி ஒருத்தன் கூடப்பிறந்த தம்பி என்று தெரிந்து, இரண்டு பேரும் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு ஒரே வரிசையில் நின்றார்கள். ஒரு குடும்பம் அப்படியொன்று இல்லவே இல்லை என்று தீர்ப்பாகி, அந்தக் குடும்பத்துக்காரர்கள் பதினொரு பேர் கவுன்டருக்கு முன்னால் வந்து, அப்படியானால் நாங்கள் இப்போது எங்கே போக என்று கேட்டார்கள். அவர்களுக்குப் பதில் எழுத்துமூலமாக அனுப்பப்படும் என்று சொல்லப்பட்டது.

ஐந்து வருஷம் ஆயிற்று. ஒரு சீட்டுகூட வெளியே போகவில்லை. மணல்மேட்டில் மட்டிகள் பெருகிப்போய் உட்கார இடமில்லை. துளை விழுந்த ஓடு எப்படி இருக்கும் என்றே தெரியாத பிள்ளைகள் பிறந்து வளர்ந்து வேலைக்கும் வந்துவிட்டன. வேட்டைச் சங்கு என்றால் இந்தப் பிள்ளைகளுக்கு ஒரே ஓர் அர்த்தம்தான், விண்ணப்பதாரர். பழைய மட்டிகளும் வாயைத் திறந்து எதுவும் சொல்லவில்லை. பிள்ளைகளை எதற்குப் பயமுறுத்த வேண்டும் என்பது ஒன்று. வாய்விட்டுச் சொல்லி அது ராஜா காதுக்குப் போனால் என்ன ஆகும் என்பது இன்னொன்று. ஆபீஸில் சேர்ந்தால் இதெல்லாம் தானாகப் புரிய வேண்டும் என்று சலேத் மேடம் நினைத்தார். எல்லாருக்கும் தானாகப் புரியவும் செய்தது, செல்லக்கனியைத் தவிர.

செல்லக்கனி இளம் மட்டி. உருண்டைச் சங்குப் பிரிவுக்குப் புதிதாக வந்தவள். அவளுக்கு ஒரு வியாதி இருந்தது. ஒரு கோப்பு பாதியில் கிடந்தால் அவளுக்கு இருப்புக் கொள்ளாது. பக்கத்து மட்டிகள் மத்தியானம் ஓட்டை மூடிக்கொண்டு ஒரு குட்டித் தூக்கம் போடுகிற நேரத்தில் இவள் மணலிலிருந்து காலை நீட்டி, மீன்முள்ளைக் கணவாய் மீனின் மையில் தோய்த்து, கட்டம் கட்டமாக நிரப்பிக்கொண்டிருப்பாள். கையெழுத்து மணி மணியாக இருக்கும். அடித்தல் திருத்தல் கிடையாது. இந்தப் பெண் இப்படியே போனால் ஒருநாள் நம் எல்லாருக்கும் வேட்டு வைத்துவிடும் என்று மற்றவர்கள் தங்களுக்குள் பேசிக்கொண்டார்கள். பொறாமை என்று நினைத்து அவள் அதைச் சட்டை செய்யவில்லை.

அவளுடைய கவுன்டருக்குத் தினமும் முதல் ஆளாக வந்து நிற்பவர் பால்துரை. பெயருக்கு ஏற்ற வெள்ளை ஓடு, ஒரு கீறல் இருக்காது. அதற்குள் இருக்கிற உடம்புதான் ஐந்து வருஷத்தில் பாதியாக இளைத்துவிட்டது. முன்பு ஓட்டு வாசலின் மூடியைச் சாத்தினால் கச்சிதமாகப் பொருந்துமாம், இப்போது லொடலொடவென்று ஆடியது. செத்த மீனைத் தின்று செரிக்காமல் அடிக்கடி ஏப்பம் விடுவார். ஆனாலும் ஒருநாள்கூடக் குரலை உயர்த்தியதில்லை. வரிசையில் யாராவது இடித்தால்கூட அவர்தான் மன்னிப்புக் கேட்பார். சாகிறதுக்குள் நான் எந்தக் குடும்பம் என்று ஒரு சீட்டில் பார்த்துவிட வேண்டும், அது போதும் என்று செல்லக்கனியிடம் சொல்லியிருந்தார். போதும் என்று அவர் சொன்னது மரியாதைக்கு. என்ன சாப்பிடப் பிடிக்கும் என்கிற பேச்சைப் பெண்பிள்ளைகள் முன்னால் எடுக்கக் கூடாது என்று வளர்க்கப்பட்டவர் அவர். அதனால் அந்தப் பேச்சு வரவே இல்லை.

செல்லக்கனிக்கு அவரைப் பார்க்கப் பார்க்க மனசு கேட்கவில்லை. இவ்வளவு நல்ல மனுஷனை ஐந்து வருஷமாக ஒற்றைக் காலில் நிற்க வைத்திருக்கிறோமே என்று வெட்கமாக இருந்தது. அவருக்கு இருப்பதே ஒரு கால்தான் என்றாலும் வெட்கம் வெட்கம்தானே. மூன்றே மாதத்தில் அவருடைய படிவத்தில் பத்துக் கட்டங்களை முடித்துவிட்டாள். மொத்தம் பன்னிரண்டு கட்டம். இந்த அலுவலகத்தில் யாருடைய படிவமும் ஆறாவது கட்டத்தைத் தாண்டியதில்லை.

பதினோராவது கட்டத்தில் வந்து முட்டியது. அதில் மாதிரித் துளை ஒன்று கேட்டிருந்தார்கள். உருண்டைச் சங்கு போடுகிற துளை வெளியே அகலமாகவும் உள்ளே குறுகலாகவும் கிண்ணம் போலச் சரிந்திருக்கும். முட்சங்கு போடுகிற துளை குழாய் இறக்கினது போல நேராக இறங்கும். அதைப் பார்த்துத்தான் குடும்பத்தை உறுதி செய்ய வேண்டும். துளை விண்ணப்பதாரர் தம் சொந்த நாக்கால், உயிருள்ள ஓட்டில் இட்டதாக இருக்க வேண்டும். உயிருள்ள ஓட்டைத் தொட வேண்டுமானால் சீட்டு வேண்டும். சீட்டு வேண்டுமானால் துளை வேண்டும். இந்தக் கட்டத்தை எழுதினவர் சலேத் மேடம் என்று நான் சொல்லித்தான் உங்களுக்குத் தெரிய வேண்டும் என்பதில்லை.

செல்லக்கனி மேடத்திடம் போய்க் கேட்டாள். போய் என்றால், மட்டி எங்கே போக, இருந்த இடத்திலிருந்தே கேட்டாள். மேடம் முகமெல்லாம் மலர்ந்து, அப்படியே வைத்திரு, முட்டிக்கொண்டு நிற்கிறதல்லவா, நிற்கட்டும் என்றார். சொல்லிவிட்டு அர்த்தத்தோடு பார்த்தார். அர்த்தம் செல்லக்கனிக்கு ஏறவில்லை. அவளுக்கு அன்று முழுக்கச் சாப்பாடு இறங்கவில்லை. விதி நூலை முதலிலிருந்து கடைசிவரை படித்தாள், கடைசியிலிருந்து முதல்வரை படித்தாள். விதி நூலில் வேட்டைக்குத்தான் தடை. அலுவலர் முன்னிலையில், அலுவல் நிமித்தம் போடுகிற துளை எப்படி வேட்டையாகும்? ஆகாது. இனி உயிருள்ள ஓடு ஒன்று வேண்டும், அவ்வளவுதான்.

மறுநாள் காலையில் பால்துரை வழக்கம்போல வந்து வணக்கம் வைத்தார். அவள் விஷயத்தைச் சொன்னாள்.

"உயிருள்ள ஓடுதான கேக்காங்க அண்ணாச்சி. அதுக்கு ஊரெல்லாம் தேடணுமா? என் ஓடு இருக்குல்லா."

பால்துரை கொம்பு இரண்டையும் தூக்கினார். சுற்றுமுற்றும் பார்த்தார். தன் காதில் விழுந்ததுதானா என்று சந்தேகம் வந்து, இன்னொரு தரம் சொல்லச் சொன்னார். அவள் அதையே சொன்னாள்.

"தங்கச்சி, நல்லா யோசிச்சுத்தான் சொல்லுதியா?"

"இதுல யோசிக்க என்ன இருக்கு? விதியில ஆட்சேபணை இல்ல."

"வீட்ல சொல்லிட்டியா?"

ஆபீஸ் வேலைக்கு வீட்டில் எதற்குச் சொல்ல வேண்டும் என்று அவள் சிரித்தாள். பால்துரைக்குக் கண் கலங்கிவிட்டது, கடலுக்குள் இருந்ததால் யாருக்கும் தெரியவில்லை. அவருடைய தாத்தா எத்தனையோ மட்டி பார்த்தவர், அப்பா எத்தனையோ மட்டி பார்த்தவர். ஓட்டை இறுக்கி மூடிக்கொண்ட மட்டி உண்டு, மணலுக்குள் புதைந்த மட்டி உண்டு. கடமைக்காகத் தன் ஓட்டைத் தானே நீட்டிய மட்டியை அவர் பரம்பரையில் யாரும் பார்த்ததில்லை. இப்படியும் ஓர் அரசு ஊழியரா என்று மனசுக்குள் கும்பிட்டுக்கொண்டு, மெல்ல அவளைத் தன் காலால் அணைத்தார்.

வேலை ஆரம்பித்தது. துளை போடுவது அரை நாளில் முடிகிற காரியமில்லை. பால்துரை எச்சிலைத் தடவினார், அது ஓட்டில் சுள்ளென்று இறங்கியது. அவள் ஒரு பக்கமாகக் காலை வெளியே நீட்டி நேரத்தைக் குறித்துக்கொண்டாள். அவர் அராவினார், அவளுக்குக் கூச்சமாக இருந்தது. ஆழத்தைக் குறித்துக்கொண்டாள். நடுநடுவே அவர் நிறுத்தி, வலிக்கிறதா தங்கச்சி என்று விசாரித்தார். உர்ரென்று ஒரு சத்தம் ஓட்டு வழியாகக் கேட்டுக்கொண்டே இருந்தது. அது அவருடைய வயிறு. அவள் அதை அலுவலக இரைச்சல் என்று குறிப்பில் எழுதினாள்.

சுற்றிலும் இருந்த மட்டிகள் ஒவ்வொன்றாக ஓட்டை மூடிக்கொண்டன. எல்லாரும் ஒரே நேரத்தில் தூங்கப் போகிறார்களே, இன்றைக்கு என்ன விசேஷம் என்று செல்லக்கனி நினைத்தாள். சலேத் மேடம் அங்கே பாறையிலிருந்து ஏதோ சொல்ல வாயெடுத்தார். பால்துரை அங்கே இருக்கிறாரே, அவர் காதில் விழுந்தால் ராஜா வரைக்கும் போகுமே என்று விழுங்கிக்கொண்டார். ஐந்து வருஷமாகக் கட்டிக் காத்ததை ஒரு பெண்ணின் சுறுசுறுப்பு போட்டு உடைக்கப்போகிறது என்று அவருக்குத் தெரிந்துவிட்டது. ஒரு சீட்டு வெளியே போனால் போதும், அடுத்தவன் அதைக் காட்டித் தனக்கும் கேட்பான்.

மறுநாள் மத்தியானம் ஓடு வெங்காயச் சருகு அளவுக்கு மெலிந்துவிட்டது. உள்ளே மெல்லிய வெளிச்சம் தெரிந்தது. செல்லக்கனி சரிவை அளந்தாள். வெளியே அகலம், உள்ளே குறுகல், அசல் கிண்ணம். உருண்டைச் சங்குக் குடும்பம்தான், சந்தேகமே இல்லை. சொல்லியதும் பால்துரை அந்தக் குடும்பப் பெயரைத் தானும் ஒருமுறை மெல்லச் சொல்லிப் பார்த்தார். ஐந்து வருஷம் காத்திருந்த பேச்சு அது. அவள் பதினோராவது கட்டத்தில் எழுதி முடித்துப் பன்னிரண்டாவதுக்கு வந்தாள். அவளுக்கு ஒரு பழக்கம் உண்டு, ஒரு கட்டத்தை முடிக்காமல் அடுத்த கட்டத்தைப் பார்க்கவே மாட்டாள். கடைசிக் கட்டத்தை அவள் படித்ததே அப்போதுதான். விண்ணப்பதாரரின் இரை என்று போட்டிருந்தது.

"என்ன சாப்பிடுவீங்க அண்ணாச்சி?"

பால்துரை நெளிந்தார். "அத என் வாயால சொல்ல வைக்காத தங்கச்சி."

"சொல்லணும்லா. கட்டம் காலியா இருந்தா சீட்டு செல்லாது."

அவர் கொம்பைக் கீழே தொங்கப் போட்டார். பிறகு மிகவும் மெதுவாக, "மட்டி" என்றார்.

அவள் எழுதினாள். மணி மணியான எழுத்தில், புள்ளி வைத்து, மை காய ஒரு நிமிஷம் விட்டு, பிறகு சரிபார்க்கப் படித்தாள். படித்ததும் அவளுக்கு உடம்பெல்லாம் சில்லிட்டுவிட்டது. தன்னைச் சுற்றியிருக்கிற காலைப் பார்த்தாள். இறுக்கிப்பிடித்திருந்தது. அந்த உர்ரென்ற சத்தம் என்ன என்று தெரிந்தது. சுற்றிலும் யாரும் தூங்கவில்லை என்று தெரிந்தது. மேடம் ஏன் ஓட்டை விட்டுப் பல்லுக்கும் பல்லை விட்டு ரத்தத்துக்கும் தாவினார் என்று தெரிந்தது. இத்தனை நாளாகப் புரியாமல் இருந்ததெல்லாம் ஒரே மூச்சில் புரிந்துவிட்டது.

"முடிஞ்சுதா தங்கச்சி?" என்று பால்துரை கேட்டார். அந்தக் கேள்வியில் அவசரம் இல்லை. ஆனால் ஆசை இருந்தது.

முடிந்துவிட்டது. சீல் ஒன்றுதான் பாக்கி. சீல் விழுந்த நிமிஷத்திலிருந்து சீட்டு செல்லும், மிச்சமிருக்கிற சருகு ஓட்டை உடைக்க அவருக்கு ஒரே ஓர் அராவல் போதும். ஓடலாம் என்றால் மட்டிக்கு ஏது ஓட்டம்? கத்தலாம் என்றால் கேட்டுவிட்டு எல்லாரும் இன்னும் இறுக்கி மூடிக்கொள்வார்கள். எழுதினதை அழிக்கலாம் என்றால் அவளுக்கு அழித்துப் பழக்கமே இல்லை. வேறு கதையாக இருந்தால் இந்த இடத்தில் அவளுடைய நேர்மையைக் கண்டு வேட்டைக்காரர் மனம் உருகி, போ தங்கச்சி, உன்னைத் தின்ன எனக்கு மனசு வரவில்லை என்று சொல்லியிருப்பார். பால்துரையின் மனம் முந்தின நாளே உருகியாயிற்று. வயிறு அதோடு சேர்ந்து உருகவில்லை, அது ஐந்து வருஷமாகக் காய்ந்து கிடந்தது.

செல்லக்கனி சீலைத் தூக்கிப் பிடித்துக்கொண்டே படிவத்தை மேலிருந்து கீழே பார்த்தாள். ஒரு தப்பு கிடைக்காதா என்று பார்த்தாள். முதல் கட்டம் சரி. இரண்டாவது சரி. ஐந்தாவதில் சுற்று எண்ணிக்கையை இரண்டு தரம் எண்ணிப் போட்டிருந்தாள். பாவி, இவ்வளவு ஒழுங்காகவா எழுதித் தொலைப்பேன் என்று தன்னைத்தானே திட்டிக்கொண்டாள். பன்னிரண்டு கட்டத்திலும் ஒரு குற்றம் கிடைக்கவில்லை. அப்போது கண்ணில் பட்டது படிவத்தின் அடியில், பொடி எழுத்தில், ஒரு வரி. பதினோராவது கட்டத்தில் குறிப்பிடப்படும் துளை பசியினால் இடப்பட்டதாக இருத்தல் வேண்டும்.

சீல் அந்தரத்தில் நின்றது.

"அண்ணாச்சி, ஒரு சின்ன விளக்கம் வேணும்."

"கேளு தங்கச்சி."

"இந்தத் துளை போடயில ஒங்களுக்குப் பசி இருந்துதா?"

பால்துரை சிரித்தார். இளைத்த உடம்பு ஓட்டுக்குள் உருண்டது. "இருந்துது. அஞ்சு வருசமா இருக்கு."

"அதுக்குச் சான்று இருக்கா?"

சான்றா என்று அவர் விழித்தார். அவள் விடவில்லை. விதி நூலில் இல்லாத ஒன்றை அவள் வாழ்க்கையில் முதல்முறையாகச் சொன்னாள். அதைச் சொல்லும்போது குரல் ஒரு துளி நடுங்கவில்லை என்பதுதான் அவளுக்கே ஆச்சரியம்.

"பசிச் சான்றுன்னு ஒண்ணு இணைக்கணும். ஒங்களுக்கு மட்டியத் தின்னுத்தான் பசி ஆறும்ங்கிறதுக்கு, முன்னால நீங்க தின்ன மட்டி ரெண்டு பேரு கையெழுத்துப் போட்டுத் தரணும். கையெழுத்துப் போடுதவங்க நேர்ல வரணும்."

பால்துரை நாக்கை எடுக்காமல் அப்படியே யோசித்தார். செல்லக்கனிக்கு அந்த நேரம் ஒரு யுகமாகத் தெரிந்தது. ஓர் அழுத்து, ஓர் அராவல், எல்லாம் முடிந்துபோகும். ஆனால் அவர் சட்டத்துக்குக் கட்டுப்பட்டவர், அதோடு அந்த முட்சங்கை ராஜா முள்ளோடு விழுங்கினதை நேரில் பார்த்தவர். மெல்ல நாக்கை இழுத்துக்கொண்டார். காலை ஒவ்வொரு பக்கமாகத் தளர்த்தினார். அவள்மேல் ஒட்டியிருந்த எச்சிலைக்கூடத் துடைத்துவிட்டார்.

"அந்தச் சான்று எந்தக் கவுன்டர்ல குடுக்கணும் தங்கச்சி?"

ஏழாவது கவுன்டர் என்றாள். இன்றைக்கு ஆள் இல்லை என்றும் சொன்னாள். அவர் வணக்கம் வைத்துவிட்டு, மூடி லொடலொடக்க, ஏழாவது கவுன்டருக்கு முன்னால் போய் முதல் ஆளாக நின்றுகொண்டார். அதைப் பார்த்ததும் செல்லக்கனி அழுதாள். பாதி அழுகை உயிர் பிழைத்த பயத்துக்கு, மீதி பாதி அந்த மனுஷனின் பசிக்கு. மீதி பாதியைப் பற்றி அவள் பிற்பாடு யாரிடமும் பேசவில்லை.

ஓடுகள் ஒவ்வொன்றாகத் திறந்தன. சலேத் மேடம் பாறையிலிருந்து அவளை வெகுநேரம் பார்த்தார். ஒரே ஒரு வார்த்தைதான் சொன்னார்.

"ஏட்டி செல்லக்கனி, இன்னைக்குத்தான் நீ வேலையில சேர்ந்திருக்க."

அந்த வாரமே பசிச் சான்று நாற்பத்து மூன்று அலமாரிக்கும் கட்டாயமாக்கப்பட்டது. இவ்வளவு நுணுக்கமாக வேலை பார்க்கிற அலுவலகம் வேறு எந்தக் காட்டிலும் உண்டா என்று களவா ராஜா பூரித்துப்போனார். செல்லக்கனி உதவிக் கண்காணிப்பாளர் ஆனாள். இப்போது மத்தியானம் அவளும் ஓட்டை மூடிக்கொண்டு ஒரு தூக்கம் போடுகிறாள். புதிதாகச் சேர்கிற சுறுசுறுப்பான பிள்ளைகளைத் தன் பக்கத்திலேயே உட்கார வைத்துக்கொண்டு, முதலில் பன்னிரண்டாவது கட்டத்தைப் படிக்கச் சொல்கிறாள்.

பால்துரையும் சும்மா இருக்கவில்லை. அலுவலகம் மூடியிருக்கிற நாளில் மணல்மேட்டுக்கு அப்பால் போகிறார். அங்கே அவரும் அவர் முன்னோர்களும் பழைய காலத்தில் சாப்பிட்டுப் போட்ட ஓடுகள் குவியலாகக் கிடக்கின்றன. ஒவ்வொரு ஓட்டிலும் அழகான கிண்ணத் துளை. அவர் ஒவ்வொன்றாகப் புரட்டி, தன் துளைதானா என்று பார்த்து, மரியாதையாகத் தட்டுகிறார். உள்ளே யாராவது இருக்கிறீர்களா, ஒரு கையெழுத்து வேண்டும், அதிக நேரம் ஆகாது என்று சொல்லிவிட்டு, பதில் வரும்வரை காத்திருக்கிறார்.

நீதி: உங்கள் கோப்பு ஏன் இன்னும் நகரவில்லை என்று அலுவலரைத் திட்டுமுன், அது நகர்ந்தால் நீங்கள் யாரைத் தின்பீர்கள் என்று ஒருமுறை எண்ணிப் பாருங்கள், அந்த அலுவலர் ஏற்கெனவே எண்ணிப் பார்த்துவிட்டார்.